கடை தண்டையார்பேட்டையில், வழக்கு டெல்லியிலா? பிரான்சைஸ் அக்ரிமெண்ட் இழை

கேள்வி (வாசகர் ஒருவர்), 2025 ஜூன் 6

தண்டையார்பேட்டையில் ஒரு பிரியாணி பிராண்டின் பிரான்சைஸ் எடுக்கப் போகிறேன். காலம் ஐந்து வருஷம். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, அக்ரிமெண்ட் வரைவு மெயிலில் வந்திருக்கிறது. கம்பெனியின் தலைமை ஆபீஸ் டெல்லி. கடைசிப் பக்கங்களில் ஒரு பிரிவு: தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதில் ஒரு நடுவர் விசாரித்துத் தீர்ப்பு சொல்வது); நடுவர் ஒருவரே, அவரைக் கம்பெனி நியமிக்கும்; இடம் டெல்லி; டெல்லி நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம். என் மாமா சொல்கிறார்: "கடை இங்கே, கரண்ட் கனெக்‌ஷன் இங்கே, ஐகோர்ட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். நம்ம ஊர் கோர்ட்டை எவன் பறிக்க முடியும்?" அவர் சொல்வது சரியா?

ஜூன் 6, இரவு

உங்கள் மாமா சொல்வதில் பாதி சரி. அக்ரிமெண்டில் அந்தப் பிரிவே இல்லாதிருந்தால் அவர் முழுக்கச் சரி. சிவில் நடைமுறைச் சட்டம் 20ஆம் பிரிவின்படி, எதிராளி தொழில் நடத்தும் இடத்திலும் வழக்குப் போடலாம், வழக்குக்குக் காரணமான சங்கதி முழுதாகவோ பாதியாகவோ நடந்த இடத்திலும் போடலாம். கடை தண்டையார்பேட்டையில், பணம் இங்கிருந்து போனது, சரக்கு இங்கே வந்து இறங்குகிறது. சென்னைக்கு அதிகாரம் உண்டு. கம்பெனியின் தலைமை ஆபீஸ் டெல்லியில் என்பதால் டெல்லிக்கும் உண்டு.

சிக்கல் அங்கேதான். இரண்டு ஊருக்கும் அதிகாரம் இருக்கும்போது, அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்று இரு தரப்பும் எழுதிக்கொண்டால் அது செல்லும் என்று 1971இலேயே ஹக்கம் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சம்பந்தமே இல்லாத ஊர்க் கோர்ட்டுக்கு ஒப்பந்தம் போட்டு அதிகாரம் கொடுக்க முடியாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. ஆக மாமாவின் ஷேர் ஆட்டோ பாரிமுனை வரை போகும், உள்ளே கேஸ் நிற்காது.

ஜூன் 7

நேற்று எழுதியது கோர்ட் வழக்குக்கு. உங்கள் பிரிவில் ஆர்பிட்ரேஷன் இருக்கிறது, அது இன்னும் இறுக்கம். அதில் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஊரைக்கூட இடமாக எழுதலாம்.

2017இல் இண்டஸ் மொபைல் – டேட்டாவிண்ட் வழக்கு. சரக்கு வந்து இறங்கியது சென்னைக்கு. விற்ற கம்பெனியின் பதிவு அலுவலகம் அமிர்தசரஸ். ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததோ மும்பை. மும்பையில் ஒரு பெட்டிகூட இறங்கவில்லை. ஆனாலும் நடுவர் தீர்ப்பாயத்தின் இடமாக மும்பையை எழுதிவிட்டதால் மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டும்தான் அதிகாரம் என்றது சுப்ரீம் கோர்ட். நம்ம ஊர் வியாபாரிகள் இதை ஒருமுறை படித்து வைப்பது நல்லது.

என் கதை. எம்.சி. ரோடு பக்கம் ஒரு ஃபிரைடு சிக்கன் அவுட்லெட் நடத்தினேன், வட இந்தியக் கம்பெனி, பெயர் வேண்டாம். என் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இன்னொருவருக்கும் அவுட்லெட் கொடுத்தார்கள். மாவும் மசாலாவும் அவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. அதன் விலை ஏறிக்கொண்டே போனது, மெனு விலையை மட்டும் ஏற்ற விடவில்லை. தம்புச்செட்டித் தெருவில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். என் பேச்சைப் பாதியில் நிறுத்தி அக்ரிமெண்டைக் கேட்டார். முதல் பக்கத்தைத் திறக்கவே இல்லை. பின்பக்கமாகப் புரட்டி, ஒரு பிரிவில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டு, என் பக்கம் திருப்பி வைத்தார். "இங்க கேஸ் போட்டா, அவங்க பதில் மனு போடறதுக்கு முன்னாடி ஆர்பிட்ரேஷன் சட்டம் எட்டாம் பிரிவுல ஒரு மனு போடுவாங்க. ஜட்ஜ் உங்களை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பிடுவார். நடுவுல போன மாசம் உங்க கணக்கு." அடுத்து இன்னொன்று கேட்டார்: "செக் ஏதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்களா?" அதை ஏன் கேட்டார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 7, மாலை

"பேட்டையில் ஒரு பெரியவரை வைத்துப் பேசி முடிக்கலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தாராளமாக. எதிராளி டெல்லியில் இருக்கிறார், பெரியவருக்கு இந்தி வருமா?

ஜூன் 9

இன்னொருவர்: "இப்போது எல்லாம் வீடியோவில்தானே நடக்கிறது, இடம் டெல்லி என்றால் என்ன, டிம்பக்டூ என்றால் என்ன?"

விசாரணை மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆர்பிட்ரேஷன் சட்டம் 20ஆம் பிரிவே சொல்கிறது, இடம் ஓர் ஊராக இருந்தாலும் உட்கார்ந்து விசாரிப்பதை வேறு ஊரில் வைத்துக்கொள்ளலாம். நான் பயப்படுவது விசாரணைக்கு இல்லை, நடுவர் வருவதற்கு முன்னாலும் அவர் போன பின்னாலும் நடக்கிறவற்றுக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை உங்கள் பில்லிங் மெஷின் லாகின் ஆகவில்லை என்று வையுங்கள். ஆர்டர் ஆப்பில் கடை மூடியிருப்பதாகக் காட்டுகிறது. மசாலா வண்டி வரவில்லை. போன் போட்டால் "லீகல் டீமில் பேசுங்கள்" என்கிறார்கள். உள்ளே ஊறிய சிக்கன் கிலோ கணக்கில் கிடக்கிறது, சனி ஞாயிறு வியாபாரம் எதிரில் நிற்கிறது. அன்றைக்கே ஓர் இடைக்கால உத்தரவு வேண்டும். அது 9ஆம் பிரிவு மனு, கோர்ட்டில் போட வேண்டியது. எந்தக் கோர்ட்? அக்ரிமெண்டில் எழுதிய இடத்துக் கோர்ட். நடுவரை நியமிக்கக் கேட்கிற 11ஆம் பிரிவு மனுவும் அங்கேதான், தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கிற 34ஆம் பிரிவு மனுவும் அங்கேதான். டெல்லியில் ஆள் தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமைக்குள் வக்கீல் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

இதில் இன்னொன்று. வரைவில் 'இருக்கை' (ஆர்பிட்ரேஷனுக்குச் சட்டப்படியான இடம்) என்றில்லாமல் வெறும் 'விசாரணை நடைபெறும் இடம்' என்று இருந்தால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2019 டிசம்பரில் பி.ஜி.எஸ். சோமா வழக்கில் அந்தக் கதவையும் பெரும்பாலும் சாத்திவிட்டார்கள். மாற்றிக் காட்ட வேறு வாசகம் ஒப்பந்தத்திலேயே இல்லாவிட்டால் அந்த இடமே எல்லாவற்றுக்கும் இடம்.

ஜூன் 10

சேலத்து நண்பர் ஒருவர் பெருமையோடு ஒரு தீர்ப்பைக் காட்டியிருக்கிறார். 1989, ஏ.பி.சி. லேமினார்ட். சேலம் வியாபாரி, ஜரிகை நூல், குஜராத் கம்பெனி, 'தகராறுகள் கைரா அதிகார எல்லைக்கு உட்பட்டவை' என்ற வரி. சேலம் கோர்ட்டில் வழக்குப் போட்டது செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. வரியில் 'மட்டும்' என்பது போல எதுவும் இல்லை, ஆகவே சேலத்தை விலக்கியதாக ஆகாது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் 2013இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த வாய்ப்பைச் சுருக்கிவிட்டது. ஜெய்ப்பூர்க்காரர், ஒப்பந்தத்தில் கொல்கத்தா. 'மட்டும்' இல்லாவிட்டாலும், ஓர் ஊரைப் பெயர் சொல்லி எழுதியதிலேயே மற்றதை விலக்கும் எண்ணம் தெரிகிறது என்றார்கள். கேள்வி கேட்டவருடைய வரைவில் 'மட்டுமே' வேறு இருக்கிறது. சேலம் இவருக்குக் கை கொடுக்காது.

ஜூன் 12

கம்பெனியே நடுவரை நியமிக்கும் என்ற வரியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன். கேட்டவருக்கு இருக்கிற ஒரே நல்ல சேதி அதில்தான்.

தகராறின் முடிவில் ஆதாயம் உள்ளவர் தனி நடுவரைத் தானாக நியமிக்கக் கூடாது என்று 2019இல் பெர்க்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் சொன்னார்கள். 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அரசியல் சாசன அமர்வு, ரயில்வே மின்மயமாக்கல் அமைப்பின் வழக்கில், ஒருதலைப்பட்ச நியமனத்தை இன்னும் அழுத்தமாக மறுத்தது. ஆக அந்த வரி அச்சில் இருந்தாலும் கம்பெனி இஷ்டத்துக்கு ஆளைப் போட முடியாது.

ஆனால் கம்பெனிகள் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. எனக்கு வந்த கடிதத்தில் ஒருவர் பெயரை எழுதி, "தங்கள் சம்மதத்தைக் கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று கீழே கோடும் போட்டிருந்தார்கள். மரியாதையான கடிதம். தகராறு வந்த பிறகு எழுத்தில் சம்மதம் கொடுத்தால் அந்த ஆட்சேபணை போய்விடும், 12ஆம் பிரிவில் அப்படி ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கையெழுத்தும் போடாதீர்கள், கடிதத்தைக் குப்பையிலும் போடாதீர்கள். ஆட்சேபிக்கிறேன் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இதில் அடிபடுவது நியமன வரி மட்டும். டெல்லி என்ற வரி அப்படியே நிற்கும். நியாயமான நடுவரைக் கேட்டு நீங்கள் போக வேண்டியதும் டெல்லி ஐகோர்ட்டுக்குத்தான்.

ஜூன் 13

"என் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான், அங்கே பிரான்சைஸ் எடுத்தவனுக்குச் சட்டப் பாதுகாப்பு பலம்." மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் பிரான்சைஸ் எடுத்தவரை வெளி மாநிலக் கோர்ட்டுக்கு இழுக்கும் வரி செல்லாது என்று தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் 1985 பர்கர் கிங் வழக்கைப் பாருங்கள். கடை மிச்சிகனில், கம்பெனி ஃபுளோரிடாவில். ஃபுளோரிடாவில் வழக்கு நடத்தலாம் என்றது அவர்கள் சுப்ரீம் கோர்ட். 1996இல் இன்னும் வேடிக்கை. மொன்டானாவில் ஒரு சப்வே கடைக்காரர், ஆர்பிட்ரேஷன் கனெக்டிகட்டில். ஆர்பிட்ரேஷன் பிரிவு இருந்தால் அதை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும் என்று மொன்டானாவில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். அதைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தார். அந்த மாநிலச் சட்டமே மத்திய ஆர்பிட்ரேஷன் சட்டத்துக்கு முரண் என்று தள்ளிவிட்டார்கள்.

நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. முதல் பக்கம், அடிக்கோடு எல்லாம் நாமே பென்சிலால் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பெரிய கைகளுக்கும் இதே கதை உண்டு. வட இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்திய கூட்டு நிறுவனத்தில் இந்தியப் பங்காளிக்கும் கம்பெனிக்கும் 2013இல் முறிந்தது. விவகாரம் லண்டன் ஆர்பிட்ரேஷன் வரை போனது. லண்டனுக்குப் போகாமல் தடுக்க டெல்லி ஐகோர்ட்டில் வாங்கிய தடை 2016இல் அங்கேயே நீங்கியது. 2019இல் பேசி முடித்துக்கொண்டார்கள். லண்டனில் வக்கீல் வைக்க அவர்களுக்கு வசதி இருந்தது. எம்.சி. ரோட்டில் சிக்கன் பொரித்த எனக்கு டெல்லியே லண்டன்தான்.

ஜூன் 15

"மோசடி என்று குற்றம் சாட்டிவிட்டால் ஆர்பிட்ரேஷனிலிருந்து வெளியே வந்துவிடலாம்" என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. திருநெல்வேலி ஓட்டல் பங்காளிகள் வழக்கில், 2016, அய்யாசாமி எதிர் பரமசிவம், இதைத்தான் முயன்றார்கள். கணக்கில் கை வைத்துவிட்டார் என்கிற மாதிரியான சாதாரண மோசடிப் புகாரை நடுவரே விசாரிப்பார் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஒப்பந்தமே பொய் என்கிற அளவுக்குப் பெரிய மோசடி என்றால் வேறு பேச்சு. மசாலா விலையை ஏற்றியது அந்த அளவுக்குப் போகாது.

ஜூன் 16

செலவு கேட்டவருக்கு. ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் ஒரு மாதிரிக் கட்டணம் இருக்கிறது. 15 லட்ச ரூபாய்த் தகராறு என்று வையுங்கள். 5 லட்சம் வரை 45,000; அதற்கு மேலுள்ள 10 லட்சத்துக்கு 3.5 சதவீதம், 35,000. மொத்தம் 80,000. தனி நடுவர் என்றால் அதன் மேல் 25 சதவீதம் கூடுதல். ஆக ஒரு லட்சம், நடுவருக்கு மட்டும். பொதுவாக இரு தரப்பும் பாதிப் பாதி. வக்கீல், ரயில், தங்கல் தனி.

ஜூன் 18

வக்கீல் ஏன் செக் பற்றிக் கேட்டார் என்று சொல்கிறேன் என்றேன். அதற்கு முன் ஒரு சங்கதி. அந்தப் பிரிவு உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் மட்டும்தான். கடை வைத்தால் வருகிற வம்பில் பெரும்பகுதி டெல்லிக்குப் போகவே போகாது.

கடை ஓனர் காலி செய்யச் சொன்னால், 2019 முதல் அமலில் இருக்கிற தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இங்குள்ள வாடகை நீதிமன்றம். பிரியாணியில் ஏதோ கிடந்தது என்று கஸ்டமர் புகார் கொடுத்தால், 2019 நுகர்வோர் சட்டப்படி அவர் தான் குடியிருக்கிற இடத்திலேயே கொடுக்கலாம். கொருக்குப்பேட்டைக்காரர் வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவார், கம்பெனியோடு உங்களையும் சேர்த்துப் போடுவார். மாஸ்டர் சம்பளப் பாக்கி கேட்டால் இங்கே. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் உங்கள் பெயரில் என்றால் அதிகாரி வருவதும் உங்கள் படிக்கட்டுக்குத்தான்.

எதிர்ப்பக்கமாகவும் சில உண்டு. அக்ரிமெண்ட் முடிந்த பிறகும் போர்டைக் கழற்றாமல் வைத்திருந்தால், டிரேட்மார்க் சட்டம் 134ஆம் பிரிவின்படி, கம்பெனி தான் தொழில் நடத்தும் ஊரிலேயே உங்கள் மேல் வழக்குப் போடலாம். முதல் வேலையாகப் போர்டைக் கழற்றிப் போட்டோ எடுத்து வையுங்கள்.

இப்போது செக். டெபாசிட்டோடு சேர்த்து, செக்யூரிட்டி என்று சொல்லித் தொகை எழுதாத இரண்டு செக்கில் என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஃபார்மாலிட்டி சார் என்றார் வந்த பையன். செக் பவுன்ஸ் ஆனால் அது கிரிமினல் வழக்கு, நடுவரிடம் போகாது. எந்த ஊரில் நடக்கும்? 2015 திருத்தத்துக்குப் பிறகு, செக்கை வாங்கி பேங்கில் போடுகிறவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த ஊரில். கம்பெனி கணக்கு அவர்கள் ஊரில். நான் ராயல்டியை (பிராண்டுக்காகக் கம்பெனிக்குக் கட்டும் தொகை) நிறுத்தி வைத்தேன், அவர்கள் செக்கில் தொகையை நிரப்பிப் போட்டார்கள், திரும்பியது. சம்மன் வந்த ஊரை மேப்பில் தேடித்தான் பார்த்தேன். ஆர்பிட்ரேஷனில் என் பக்கம் நியாயம் இருந்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதை யாரிடமும் சொல்லிப் பார்க்கவே இல்லை. வாய்தாவுக்கு வாய்தா ரயில் ஏற என்னால் முடியாது என்று டெபாசிட்டை விட்டுக்கொடுத்துச் செக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 19

நேற்று எழுதி முடித்ததும் தூக்கம் வரவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் யார் கேட்டாலும் "அந்த டெல்லி வரியை மாற்றச் சொல்" என்றுதான் முதலில் சொல்லிவந்தேன். இப்போது வரிசையை மாற்றுகிறேன். முதலில் செக். இரண்டாவது, சப்ளையையும் லாகினையும் நோட்டீஸ் இல்லாமல் நிறுத்தலாம் என்ற வரி. ஊர் மூன்றாவது. முதல் இரண்டும் அவர்கள் கையில் இருந்தால், பிரிவில் தண்டையார்பேட்டை என்றே எழுதிக் கொடுத்தாலும் உங்களால் அதுவரை தாக்குப்பிடிக்க முடியாது.

ஜூன் 20

"ஆர்பிட்ரேஷனையே எடுத்துவிடச் சொன்னால்?" கேட்டுப் பார்க்கலாம். பிரான்சைஸ் ஒப்பந்தத் தகராறு வணிக நீதிமன்றச் சட்டத்தில் பெயர் சொல்லியே இருக்கிறது. 3 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வணிக நீதிமன்றம். அவசர உத்தரவு கேட்காத வழக்கு என்றால் முதலில் மத்தியஸ்தத்துக்குப் போயே ஆக வேண்டும், மூன்று மாதம், இருவரும் சம்மதித்தால் இன்னும் இரண்டு. அது கட்டாயம் என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. ஆர்பிட்ரேஷனை எடுத்துவிட்டு டெல்லியை விட்டுவைத்தால் பிரயோஜனம் குறைவு, அதையும் கவனியுங்கள்.

நடுவர் தீர்ப்பை நிறைவேற்ற மட்டும் ஊர்க் கட்டுப்பாடு இல்லை. 2018 சுந்தரம் ஃபைனான்ஸ் தீர்ப்பின்படி சொத்து எங்கே இருக்கிறதோ அங்கே நேராக மனுப் போடலாம். டெல்லியில் உங்கள் மேல் வந்த தீர்ப்பு தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்து நிற்கும். வீடு யார் பெயரில் இருக்கிறது, பர்சனல் கியாரண்டி (கடைக் கடனுக்கு நீங்கள் சொந்தமாகப் பொறுப்பேற்பது) என்ற தலைப்பில் ஏதாவது பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜூன் 27

கேள்வி கேட்டவர் சேதி அனுப்பியிருக்கிறார். டெல்லியை மாற்ற மறுத்துவிட்டார்களாம், எல்லா ஊருக்கும் ஒரே அக்ரிமெண்ட் என்று. விசாரணை சென்னையிலோ வீடியோவிலோ நடக்கும் என்று எழுத ஒத்துக்கொண்டார்கள். நடுவர் இருவரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் ஆள். சப்ளை நிறுத்த 15 நாள் எழுத்து நோட்டீஸ். செக்குக்குப் பதில் டெபாசிட்டைக் கொஞ்சம் கூட்டிக் கேட்கிறார்கள்.

தம்பி, கொடுங்கள். கடன் வாங்கியாவது கொடுங்கள். கூட்டிக் கொடுக்கிற தொகை எந்தக் காரணத்துக்குப் பிடிக்கப்படும், எத்தனை நாளில் திரும்பும் என்று அக்ரிமெண்டிலேயே எழுதி வாங்குங்கள், மெயிலில் சொன்னால் போதாது. ஏற்கெனவே அட்வான்ஸோடு செக் ஏதும் கொடுத்திருந்தால் நம்பர் குறிப்பிட்டு, திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்ற கடிதத்தோடு வாங்குங்கள்.

மாமாவை ஐகோர்ட்டுக்குக் கூட்டிப் போக வேண்டாம். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸுக்குக் கூட்டிப் போங்கள். கடை லீஸ் மூன்று வருஷமா ஐந்து வருஷமா? பிரான்சைஸ் காலம் ஐந்து வருஷம் என்று முதலில் எழுதியிருந்தீர்கள். ஓனர் லீஸை மூன்றாம் வருஷம் முடித்துவிட்டால், மீதி இரண்டு வருஷ ராயல்டியைக் கம்பெனி உங்களிடம் கேட்குமா என்று அந்த வரைவில் எங்கேயாவது இருக்கும். பக்க எண்ணோடு இங்கே போடுங்கள், பார்ப்போம்.